மூன்றாம் ஜன்னலில் திறந்திருந்த வாய்

தண்ணீர் வழங்கும் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஐந்து ஜன்னல்கள் உண்டு. நான்கு ஜன்னல்களுக்குக் கோபமாகப் போகிறவர்கள் அதைவிடக் கோபமாகத் திரும்பி வருவார்கள். மூன்றாம் ஜன்னலுக்குப் போனவர்கள் மட்டும் முகம் தெளிந்து, தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்குவார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் அன்றைக்கும் தண்ணீர் வராது, மறுநாளும் வராது. அது வேறு கதை. ஆனால் மனசு நிறைந்துதான் போவார்கள்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருந்தவர்தான் நம்மவர். புகார் வாங்கும் குமாஸ்தா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, வருகைப் பதிவேட்டுக்கு மட்டும். மற்றபடி வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் ‘ஆச்சரியம் சார்’. முகவெட்டு அப்படி. வாய் எப்போதும் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கும். புருவம் இரண்டும் நெற்றியில் பாதி தூரம் ஏறியிருக்கும். எதிரே இருப்பவர் “நாலு நாளா தண்ணி வரல” என்று சொன்னால், அப்படி ஒரு அநியாயத்தை ஜென்மத்தில் கேள்விப்பட்டதே இல்லை என்பது போல அந்த முகம் விரிந்து நிற்கும். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால், பாவம், அந்த மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதில் பள்ளி மைதானத்தில் பந்து என்று நினைத்து அவர் முகத்தைக் கொடுத்தது கூட விளையாடியவனின் முழங்கைக்கு. ரத்தம் நின்றது, வீக்கம் வடிந்தது, வீட்டில் எல்லாரும் மறந்துபோனார்கள். மூக்குக்குள்ளே இருக்கிற நடுச்சுவர் மட்டும் வலது பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. வலது துளை மொத்தமாக அடைப்பு. இடது துளை, மனசு வந்தால் திறக்கும். மூக்கு கைகழுவிய வேலையை வாய் தலையில் போட்டுக்கொண்டது. முப்பத்தைந்து வருஷமாக அந்த வாய்க்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது.

மூச்சு விடுகிற வாய்க்குப் பேச எங்கே நேரம்? நீளமாக ஒரு வாக்கியம் பேசினால் அவருக்கு மேல்மூச்சு வாங்கும். அதனால் “அப்படியா”, “அடடா”, “அப்புறம்” என்ற மூன்று வார்த்தைகளில் குடும்பமும் உத்தியோகமும் நடத்திவந்தார். நடத்த முடியுமா என்று கேட்காதீர்கள். அமோகமாக நடந்தது.

முதலில் அவர் கோப்புகள் அடுக்கும் அறையில்தான் இருந்தார். ஒரு நாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அலுவலகமே இரண்டாகும்படி கத்திக்கொண்டு வந்தார். ஜன்னல் ஜன்னலாகக் கத்தி முடித்து, வழியில் கோப்போடு போய்க்கொண்டிருந்த நம்மவரைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். நம்மவர் வாயைத் திறந்தபடி நின்றார். பதினோராவது நிமிஷம் தலைமையாசிரியர் அவர் தோளைத் தட்டி, “இந்த ஆபீஸ்ல மனுஷன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகமாகப் போய்விட்டார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளருக்குப் பொறி தட்டியது. மறுநாளே நம்மவர் மூன்றாம் ஜன்னலுக்கு மாற்றப்பட்டார்.

வீட்டிலும் அதே ராசிதான். அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலை ஆறரைக்குப் பயிற்சிக் காரில் ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் உயிரையும் தன் உயிரையும் காப்பாற்றிக்கொண்டிருப்பாள். அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே “இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவாள். நம்மவர் காய் நறுக்கிக்கொண்டே வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பார். சுவரை ரிவர்ஸில் தேடிப் போய் இடித்தவர், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் பயம் தெரியாது என்று சொன்னவர், சிக்னலில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்ட அம்மாள் என்று தினம் ஒருவர் வீட்டுக்குள் வந்து போவார்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள் என்றால், அவள் பேசினாள். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னாள்: “நான் பேசப் பேச அப்படியே வாயைப் பிளந்துட்டு உக்காந்திருந்தாருக்கா. கண்ணைக்கூட சிமிட்டல. இந்த ஆளை மட்டும் விட்றக் கூடாது.” விடவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு இருபத்தோரு வயதாகிறது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் பல் டாக்டர் புகுந்தார். ஈறு வீங்கியிருக்கிறது என்று போனால், அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, “வாய் எந்நேரமும் காஞ்சே கிடக்குதே, மூக்கால மூச்சு விட மாட்டீங்களா?” என்றார். அப்படி ஒரு வழி இருப்பதே நம்மவருக்கு மறந்துபோயிருந்தது. பல் டாக்டர் சீட்டு எழுதிக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டரம்மா சின்ன வயது, படபடவென்று பேசுகிறவர். மூக்குக்குள் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, “நடுச்சுவர் நல்லா வளைஞ்சிருக்கு சார். இதை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் ஓட்டினீங்க? நிமித்திடலாம். ஒரு மணி நேர வேலை” என்றார்.

நம்மவர் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரு கேள்வி கேட்டார். “மூஞ்சி மாறிடுமா?”

“சேச்சே! எல்லாம் உள்ளுக்குள்ளதான். வெளியில ஒரு மாற்றமும் தெரியாது. உங்க மூஞ்சி உங்க மூஞ்சியாவே இருக்கும்.”

நல்ல டாக்டர்தான், கைராசிக்காரர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த அம்மாள் சொன்னது சுத்தமாகப் பலிக்கவில்லை.

மனைவி அன்றைக்கு வகுப்பு இருந்ததால் கூடப் போகவில்லை. நம்மவர் வீட்டுக்கு வந்து, “மூக்குல சுவர் வளைஞ்சிருக்காம்” என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்கு மூச்சும் இல்லை, பழக்கமும் இல்லை. “அப்ப நிமித்திட்டு வாங்க” என்று அவள் சொல்லிவிட்டாள். சுவர் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டியதுதானே.

அறுவைச் சிகிச்சை ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். தொண்ணூற்றேழு வரைக்கும் நினைவு இருந்தது. கண் விழித்தபோது இரண்டு துளையிலும் பஞ்சுத்துணியைத் திணித்து, மூக்குக்குக் கீழே ஒரு சின்ன மெத்தை மாதிரி வைத்து ஒட்டியிருந்தார்கள். மற்ற நோயாளிகள் மூக்கு அடைத்த அந்த இரண்டு நாளும் மூச்சு முட்டித் தவியாய்த் தவிப்பார்களாம். நம்மவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஹாயாக வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர், “உங்களால எப்படி சார் தாங்க முடியுது?” என்று கேட்டார். “அப்படியா” என்றார் நம்மவர்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா அந்தத் துணியை வெளியே இழுத்தார். இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நீளத் துணி நம் தலைக்குள் எங்கே இருந்தது என்று நம்மவர் கலங்கிப்போனார். நெற்றியும் மூளையும்கூடக் கூடவே வந்துவிடுமோ என்று கட்டிலின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடைசியில் துணி முடிந்தது. “இப்ப மெதுவா மூக்கால இழுங்க” என்றார் டாக்டரம்மா.

இழுத்தார். காற்று சில்லென்று உள்ளே போனது. இரண்டு பக்கமும் போனது. முகத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய இடம் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “வலிக்குதா சார்?” என்று நர்ஸ் பதறினாள்.

“இல்லம்மா. வருது. மூச்சு வருது.”

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வந்த மூச்சு, அழாமல் என்ன செய்வார்?

ஆனால் அந்த மகிழ்ச்சி அன்றைக்கு மட்டும்தான். மறுநாளே உள்ளே வீங்கிப் பொருக்குத் தட்டி மறுபடி அடைத்துக்கொண்டது. அப்படித்தான் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டரம்மா. மூக்கைச் சிந்தக் கூடாது. குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். வேளைக்கு ஒரு முறை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். நம்மவர் கண்ணும் கருத்துமாக எல்லாம் செய்தார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். வாய் பழைய பழக்கத்தில் திறந்தேதான் இருந்தது. ஜன்னலில் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாம் வாரத்தில்தான் ஆரம்பித்தது வினை. உள்ளே வீக்கம் வடிய வடிய மூக்கு தன் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முப்பத்தைந்து வருஷம் மாடாய் உழைத்த வாய்க்கு ஓய்வு வந்தது. மூடிக்கொண்டது. புருவமும் கீழே இறங்கி உட்கார்ந்தது. ஒரு நாள் காலையில் முகச்சவரம் செய்ய நின்றவர் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டார். உதடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஓரத்தில் கொஞ்சம் கீழே வளைந்து, யாரையோ வேலையைவிட்டு நீக்கப்போகிற அதிகாரி மாதிரி ஒருவர் கண்ணாடிக்குள் நின்றிருந்தார். சிரித்துப் பார்த்தார். அந்த அதிகாரி வேண்டாவெறுப்பாகச் சிரித்தார்.

மூன்றாம் ஜன்னலுக்கு அன்றைக்கு முதலில் வந்தது சலவைக் கடை நடத்துகிற ஒரு அம்மாள். குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வருகிறது, வெளுக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பேறிப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

“என்ன சார் முறைக்கிறீங்க? உங்க மூஞ்சியைப் பாத்தா நான்தான் குழாய்க்குள்ள துருவைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு!”

“முறைக்கலையேம்மா” என்றார் நம்மவர். அதையும் அந்த முகத்தோடுதான் சொன்னார். அவள் விறுவிறுவென்று மாடியேறி மேலாளரிடம் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் போனார். அதற்கடுத்தவரும் போனார். சிடுமூஞ்சி, திமிர் பிடித்தவர், மனிதர்களை மதிக்கத் தெரியாதவர் என்று மூன்று வாரத்தில் பதினோரு புகார். பதினேழு வருஷத்தில் அவர் மேல் ஒரே ஒரு புகார்கூட வந்ததில்லை. புகார் ஜன்னலைப் பற்றிய புகாரை எந்த ஜன்னலில் வாங்குவது என்று தெரியாமல் அலுவலகமே முழித்தது.

மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். “சார், உங்க ஆரோக்கியம் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஆபீஸ் நேரத்துல மட்டும் கொஞ்சம் வாயைத் திறந்து வெச்சுக்க முடியுமா?”

நம்மவரும் முயற்சி செய்தார். மறுநாள் ஜன்னலில் வேண்டுமென்றே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தானாகத் திறந்திருந்த வாய்க்கும் திறந்து வைத்த வாய்க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருவர் கொட்டாவி விடுகிறார் என்றார். இன்னொருவர் கேலி பண்ணுகிறார் என்று சண்டைக்கே வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் தாடை வலி எடுத்து, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

சரி, உத்தியோகம்தானே, இந்த ஜன்னல் இல்லாவிட்டால் கோப்பு அறை இருக்கிறது என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். வீட்டில் நடந்ததுதான் அவரைச் சாய்த்துவிட்டது.

எட்டாம் வாரப் பரிசோதனைக்கு மனைவியும் கூடப் போனாள். டாக்டரம்மா மூக்குக்குள் பார்த்து, “சூப்பர்! சுவர் நட்டமா நிக்குது” என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, “கவனிச்சீங்களாம்மா, வாயும் மூடிடுச்சு. மூக்கு அடைச்சிருந்தா வேற வழி? பாவம், எந்நேரமும் வாயைத் திறந்து வெச்சுத்தான் மூச்சு விட்டிருப்பாரு. பாக்கிறவங்க இவர் எதையோ பாத்து அசந்துபோய் நிக்கிறாருன்னு நினைச்சிருப்பாங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை.  வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. இருபத்தோரு வருஷமா நான் பேசினப்ப என் பேச்சுல கவனமா இருந்தீங்களா, இல்ல மூச்சு விட்டுட்டு இருந்தீங்களா?”

நம்மவர் யோசித்தார். யோசித்திருக்கவே கூடாது. யோசித்ததோடு விடாமல் உண்மையையும் சொன்னார்.

“ரெண்டும்தான்.”

அட மனுஷா! ‘கவனமா இருந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன குடியா முழுகிவிடும்?

“அப்படியா?” என்றாள் அவள். அவருடைய வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. “சரி, கார்ல ஆடு ஏறின கதை சொன்னேனே. ஆடு எந்தப் பக்கமா ஏறிச்சு?”

“பின்... பின்பக்கக் கதவு வழியா.”

“டிக்கி வழியா. வண்டியை ஓட்டினது யாரு?”

“ஒரு டாக்டர்?”

“தபால்காரர்! ஒரு வாரமா சிரிச்சு சிரிச்சு அந்தக் கதையை உங்ககிட்ட சொல்லியிருக்கேன். டாக்டராம்!”

அதோடு நிறுத்திவிட்டாள். கதவைச் சாத்தவில்லை, பாத்திரத்தைப் போட்டு உடைக்கவில்லை, அழவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வருவாள், செருப்பைக் கழற்றுவாள், “பீன்ஸ் நறுக்கியாச்சா?” என்பாள். “நறுக்கியாச்சு.” “சரி.” அவ்வளவுதான் அன்றைய நிகழ்ச்சி. கடிகாரம் இவ்வளவு சத்தமாக ஓடும் என்பதே நம்மவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த மூக்கு வந்ததிலிருந்து எதுவும் விளங்கவில்லையே என்று உள்ளுக்குள் நொந்துபோனார். அவருக்குக் கதைகள்கூட வேண்டாம். அந்தக் குரல் வேண்டும். அது இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பிப் போகவே அவருக்குக் கால் வரவில்லை. அவள் இனிமேல் வாயே திறக்காமல் இருந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே பீன்ஸ் நறுக்கினார்.

நிஜமாகவே இத்தனை வருஷம் கவனித்தோமா, இல்லையா? அவருக்கே தெரியவில்லை. வாய் திறந்திருந்தது, அதை எல்லாரும் கவனிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள், அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார். துரும்பைக் கிள்ளிப் போடாமலே வாங்கிய நல்ல பெயர்.

இந்த நிலைமையில்தான் சலவைக் கடை அம்மாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் ஒரு பாட்டில். பாட்டிலை ஜன்னல் பலகையில் டங்கென்று வைத்து, “முறைக்கிறதுன்னா இதைப் பாத்து முறைங்க” என்றாள்.

பாட்டில்கள் நம்மவருக்குப் புதிதில்லை. பதினேழு வருஷத்தில் எத்தனையோ பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். வாங்கி, தூக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து பார்த்து, புத்தகத்தில் ‘நிற மாற்றம்’ என்று எழுதிவிடுவார். இன்றைக்கும் பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்தார். திறந்த கையோடு முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அம்மா, இது துரு இல்லம்மா. சாக்கடை.”

“என்னது?”

“சாக்கடை கலந்திருக்கு. நாத்தம் வருதே!”

“தண்ணி சரியில்லன்னுதானே நான் நாயா கத்திட்டு இருக்கேன்!”

முகம் கைவிட்ட பிறகு நம்மவருக்குக் கேள்விகளை விட்டால் வேறு கதி இல்லை. பேனாவை எடுத்தார். காலையில் முதலில் வருகிற தண்ணீரிலா, கடைசியிலா? மழைக்கு முன்னாலேயே இருந்ததா? பக்கத்து வீட்டிலும் உண்டா, எதிர் வரிசையில்? தெருவில் எங்கேயாவது மண் உள்வாங்கியிருக்கிறதா? மூச்சு வாங்காமல் இத்தனை கேள்வி கேட்க முடிகிறது என்பதே அவருக்கு அதிசயமாக இருந்தது. சலவைக்கார அம்மாள் முதலில் முறைப்பாகவும், பிறகு யோசித்து யோசித்தும் பதில் சொன்னாள். எதிர் வரிசையில் இல்லை. மூலை வீட்டு வாசலில் மண் உள்வாங்கியிருக்கிறது. கடைசியில், “போன வருஷம் வந்தப்பவே இதையெல்லாம் விசாரிச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்?” என்றாள்.

“போன வருஷமும் வந்தீங்களா?”

“இதே ஜன்னல்தான். உங்ககிட்டதான். அப்ப நீங்க ரொம்ப நல்ல மாதிரி இருந்தீங்க.”

மறுநாளே ஆட்களை அனுப்பி மூலை வீட்டு வாசலைத் தோண்டினார்கள். சாக்கடைக் குழாய் விரிசல் விட்டு, பக்கத்திலேயே போகிற தண்ணீர்க் குழாயின் இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது. அன்று நம்மவர் பழைய புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார். அதே தெருவிலிருந்து எட்டு பேர். எட்டு பாட்டில். எட்டுக்கும் ‘நிற மாற்றம்’, ‘நிற மாற்றம்’ என்று அவருடைய அழகான கையெழுத்து. எட்டு பேரும் சந்தோஷமாகத்தான் படியிறங்கிப் போயிருப்பார்கள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த ஜன்னலில் சிரித்துக்கொண்டு போகிறவர்கள் குறைந்துபோனார்கள், குழாயில் தண்ணீர் வந்தவர்கள் கூடினார்கள். மேலாளர் வாயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

பழைய புத்தகத்தைப் புரட்டிய அன்றே சாயங்காலம் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். “பீன்ஸ்” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் நம்மவர் முந்திக்கொண்டார்.

“இன்னிக்கு முதல் கிளாஸ் யாருக்கு?”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“ஒரு டீச்சருக்கு.”

“எது வரைக்கும் ஓட்டினாங்க?”

“மேம்பாலம் வரைக்கும்.”

“பாலம் ஏறினாங்களா, நீ வேண்டாம்னுட்டியா?”

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “என்ன இது, ஆபீஸ் ஜன்னல்ல உக்காந்திருக்கிற நினைப்பா?”

அவர் மூக்கால் நன்றாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து பேசாத நீளத்துக்குப் பேசினார். “நீ அன்னிக்கு சொன்னது சரிதாம்மா. பாதி நேரம் என் கவனம் எங்கயோதான் இருந்திருக்கும். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ பேசாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியல. என்ன வேணா பேசு, திட்டு, பரவாயில்ல. இனிமே தெரியாததை விசாரிச்சாவது தெரிஞ்சுக்கறேன். ஆடு டிக்கி வழியா ஏறிச்சு, தபால்காரர் ஓட்டினார். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஆடே இல்லீங்க.”

“என்னது?”

“ஆடு ரோட்டோரமா நின்னுச்சு. நாங்க பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டோம். அவ்வளவுதான் நடந்தது.”

“அப்ப அந்தத் தபால்காரர்?”

“அவர் ஒழுங்காத்தான் ஓட்டினார். முதல் தடவையே லைசென்ஸ் வாங்கிட்டார்.”

“சிக்னல்ல இறங்கி நடந்து போன அம்மா?”

“வீடு பக்கத்துலயே இருந்துச்சு. நான்தான் இறங்கிக்கங்கன்னேன்.” அவள் முகம் சிவந்துபோயிருந்தது. “பாதிக்குப் பாதி நானே கட்டினது. என்ன பண்றது? உங்க மூஞ்சியைப் பாத்தா சாதாரணமா ஒரு விஷயம் சொல்ல மனசே வராது. இவ்வளவு பெரிசா வாயைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்காரே, ஏதாவது போட்டாகணுமேன்னு தினமும் வர்ற வழியெல்லாம் யோசிச்சுட்டே வருவேன்.”

நம்மவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவளும் அடக்கிப் பார்த்துவிட்டு முடியாமல் சிரித்தாள். இருபத்தோரு வருஷமாக அவர் அவளை ஏமாற்றியிருக்கிறார், அவள் அவரை ஏமாற்றியிருக்கிறாள், யார் கணக்கு பெரிது என்று யாருக்குத் தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்மவர் கேட்டார்.

“அப்ப இன்னிக்கு நிஜமா என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல” என்றாள். பிறகு, “கால் வலிக்குது” என்றாள்.

“எந்தக் கால்?”

“வலது கால். நாள் முழுக்க பிரேக் மேலயே தூக்கி வெச்சுட்டு இருக்கணும்ல. மிதிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. முட்டியில ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் பிடிச்சு இழுக்குது.”

“எப்பயிருந்து?”

“அது ஆச்சு, ஒன்பது வருஷம்.”

நம்மவருக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஒன்பது வருஷமாக இந்தக் கால் இந்த வீட்டுக்குள் நடந்திருக்கிறது, அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, அவருக்கு அது தெரியாது. “ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லலையே நீ?”

“இதுல என்ன இருக்கு, நீங்க வாயைப் பிளக்கிற மாதிரி?”

அவர் எழுந்துபோய் இன்னொரு நாற்காலியை அவள் எதிரே போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். “எங்கேயிருந்து இழுக்குது, காட்டு” என்றார். அவள் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். படி ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி. குளிர் நாளில் மரத்துப்போகும். பெரிய வண்டி எதிரே வந்தால் பயத்தில் இன்னும் இறுகிக்கொள்ளும். சில நாள் காரைவிட்டு இறங்க முடியாமல், எதையோ தேடுகிற மாதிரி கைப்பையைக் குடைந்துகொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். இந்தக் கதையில் ஆடு இல்லை, தபால்காரர் இல்லை, சிரிப்புக்கு ஒரு இடமும் இல்லை. அவள் அவருக்குச் சொன்னதிலேயே சுவாரசியமே இல்லாத கதை இதுதான். முக்கால் மணி நேரம் சொன்னாள். நம்மவர் அதில் ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.